இரண்டு கரை, ஒரு சுருக்குமடி

பெங்களூரு மெஜஸ்டிக் ரயில் நிலையத்தை ஒட்டிக் கிடக்கிறது ஒக்கலிபுரம். தண்டவாளங்களும் மேம்பாலங்களும் சுரங்கப்பாதைகளும் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் இந்தப் பகுதியிலும், பக்கத்துச் சீராமபுரத்திலும் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றன. கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம். கடலைப் பார்க்க வேண்டுமென்றால் கிழக்கே போனாலும் மேற்கே போனாலும் சாலையில் முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். ஆனாலும் மீனுக்குக் குறைவில்லை. மங்களூரிலிருந்து சிராடி மலைப்பாதை ஏறி ஐஸ் பெட்டிகள் வருகின்றன. சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்துப் பக்கமிருந்தும் கிருஷ்ணகிரி, ஓசூர் வழியாக வருகின்றன. சிவாஜிநகர் ரஸ்ஸல் மார்க்கெட்டில் இரண்டு கடல் மீனும் ஒரே பலகையில் கிடக்கும்.

இரண்டும் மத்தியாகவே இருக்கலாம். இரண்டும் ஒரே மாதிரி வலையில் சிக்கியவையாகக்கூட இருக்கலாம். ஆனால் மேற்கேயிருந்து வந்தது சட்டப்படி பிடித்த மீன். கிழக்கேயிருந்து வந்தது தடைசெய்த வலையில் பிடித்ததாக இருக்கக்கூடும். அந்த வலைக்குத் தமிழகக் கரையில் சுருக்குமடி என்று பெயர். கர்நாடகக் கரையில் பர்சீன் என்பார்கள். தமிழ்நாடு, கேரளம், புதுச்சேரி, ஒடிசா ஆகியவை தங்கள் கரையோரக் கடலில் இதைத் தடுத்திருக்கின்றன. கர்நாடகம், கோவா, குஜராத், ஆந்திரம், மேற்கு வங்கம் தடுக்கவில்லை. மகாராஷ்டிரம் 2016-இல் கட்டுப்பாடுகளோடு விட்டுவைத்தது. ஒரே நாட்டின் கரையில் இத்தனை விதமான சட்டம் ஏன் என்று புரிந்துகொள்ள ஒக்கலிபுரத்தைவிட வசதியான இடம் இல்லை. இரண்டு கரைக்கும் இங்கிருந்து ஓர் இரவு ரயில் பயணம்தான்.

முதலில் மேற்கே.

மங்களூர்ப் பாதையில் சக்லேஷ்பூர் தாண்டியதும் ரயிலின் வேகம் குறைகிறது. சுப்பிரமணியா ரோடு வரைக்கும் சுமார் 55 கிலோமீட்டர் மலை இறக்கம். 57 குகைகள், 109 பாலங்கள். மீட்டர் கேஜ் பாதையாக 1979-இல் திறக்கப்பட்டு, பிறகு அகலப்பாதையாக மாறி, 2007 கடைசியில் மீண்டும் பயணிகள் ரயிலைக் கண்ட வழி இது. பகல் வண்டியில் போனால் பெட்டியின் இரு கதவுகளிலும் ஆள் நிற்க இடம் இருக்காது. இறக்கம் முடிந்து தென்னையும் பாக்கும் தொடங்கும்போது காற்றில் ஈரம் ஏறிவிடும்.

மங்களூரில் நேத்திராவதியும் குருபுரா ஆறும் சேர்ந்து கடலில் விழும் முகத்துக்குப் பக்கத்தில் பழைய துறைமுகம். மீன் இறங்கும் துறையை ஊரார் ‘தக்கே’ என்கிறார்கள். விடியும் முன்பே இங்கே ஏலம் சூடு பிடித்துவிடும். பங்குடெ என்று கூவினால் கானாங்கெளுத்தி, பூதாயி என்றால் மத்தி, அஞ்சல் என்றால் வஞ்சிரம். கூடை தூக்குகிறவர்களும் ஐஸ் உடைக்கிறவர்களும் மீன் வாங்க வந்த பெண்களும் நெருக்கியடிக்கும் இடத்தில், பர்சீன் படகுகளை அடையாளம் காண்பது எளிது. தளத்தின் பெரும்பகுதியை வலைக்குவியலே அடைத்திருக்கும்.

வேலை செய்யும் விதம் இது. கடலின் மேல்மட்டத்தில் கூட்டமாகத் திரியும் மீனைக் கண்டதும், படகு அதைச் சுற்றி வட்டமடித்துக்கொண்டே வலையை இறக்கும். வலையின் மேல்விளிம்பில் மிதவைகள், கீழ்விளிம்பில் வளையங்கள். வளையங்களுக்குள் ஓடும் கயிற்றை இழுத்ததும் அடி மூடிக்கொள்ளும், பாட்டியின் சுருக்குப்பை மாதிரி. உள்ளே அகப்பட்ட கூட்டம் கீழேயும் போக முடியாது, பக்கவாட்டிலும் போக முடியாது. மத்தி, கானாங்கெளுத்தி, நெத்திலி, பாறை, சூரை போன்று கூட்டமாக நீந்தும் மீன்களுக்கு இதைவிடத் திறமையான வலை கிடையாது. இழுவைமடி போலக் கடலடியைச் சுரண்டுவதும் இல்லை. பர்சீன்காரர்கள் முதலில் எடுத்துச் சொல்லும் நியாயம் இதுதான், அது உண்மையும்கூட.

ஆனால் இந்தக் கரையில் பர்சீன் வந்தபோது போனது ஒன்று உண்டு. அதற்கு ரம்பாணி என்று பெயர். கரையிலிருந்து படகில் கொண்டுபோய்ப் பெரிய வளைவாக வலையிட்டு, இரு முனைகளையும் மணலில் நின்று இழுக்கும் பிரம்மாண்டமான கரைவலை. பல துண்டுகளைச் சேர்த்துக் கட்டிய வலை அது. துண்டு கொண்டுவந்தவருக்குப் பங்கு உண்டு. இழுக்க எண்பது, நூறு பேர் வேண்டும். மொகவீரர் உள்ளிட்ட கரையோரச் சமூகங்கள் பருவம் பார்த்துக் காத்திருந்து, கரைக்கு வரும் கானாங்கெளுத்திக் கூட்டத்தை இப்படித்தான் பிடித்தன. ஊரே இழுத்தது, ஊரே பங்கு பிரித்தது.

1970களின் நடுவில் மங்களூர்ப் பக்கம் பர்சீன் படகுகள் தொழிலுக்கு இறங்கின. கரைக்கு வரும் வழியிலேயே மீன்கூட்டம் சூழப்பட்டது. ரம்பாணிக்காரர்கள் எதிர்த்தார்கள், கரையில் மோதலும் போராட்டமும் நடந்தன. சில ஆண்டுகளுக்குள் படகுகள் நூற்றுக்கணக்கில் பெருகின. ரம்பாணி வலைகள் ஒவ்வொன்றாகக் கரையேறின. இழுத்துக்கொண்டிருந்தவர்களில் பலர் எந்தப் படகை எதிர்த்தார்களோ அதே படகில் வேலைக்கு ஏறினார்கள்; சிலர் குழுவாகக் கடன் வாங்கித் தாங்களும் பர்சீன் வாங்கினார்கள். கர்நாடகம் தன் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டத்தை இயற்றியது 1986-இல். அதற்குள் ரம்பாணியின் காலம் முடிந்துபோயிருந்தது. கர்நாடகத்தில் இன்று பர்சீன் ஊர்ப் பிரச்சினையாக இல்லாததற்கு ஒரு முக்கியக் காரணம், எதிர்த்து நின்ற தொழிலே அங்கே மிஞ்சவில்லை என்பதுதான்.

அமைதி என்று இதைச் சொல்லிவிட முடியாது. மங்களூரிலிருந்து வடக்கே ஒன்றரை மணி நேரம் போனால் மால்பே. உடுப்பியை ஒட்டிய இந்தத் துறைமுகம் மேற்குக் கரையின் பெரிய மீன்பிடித் துறைகளில் ஒன்று. இங்கே சண்டை வேறு இரண்டின்மேல். முதலாவது, இரண்டு படகுகள் சேர்ந்து ஒரே மடியை இழுக்கும் முறை. தமிழகத்தில் இதற்கு இரட்டைமடி என்று பெயர். இன்னொன்று, ஜெனரேட்டரும் சக்தி வாய்ந்த எல்.இ.டி. விளக்குகளும் கொண்டுபோய், இருட்டில் வெளிச்சம் காட்டி மீனைக் குவித்துப் பிடிப்பது. நாட்டுத்தோணிக்காரர்கள் கொதித்தார்கள். ஒன்றிய வேளாண் அமைச்சகம் 2017 நவம்பர் 10 அன்று இந்த இரண்டையும் இந்தியாவின் பொருளாதார மண்டலக் கடல் முழுக்கத் தடை செய்தது. தடைக்குப் பிறகும் விளக்கு வெளிச்சத்தில் தொழில் நடப்பதாக நாட்டுத்தோணிக்காரர்கள் மறுபடி மறுபடி போராட வேண்டியிருந்தது.

இந்தக் கரையில் கவனிக்க வேண்டிய இன்னொரு விஷயம் நாற்றமாகவே வந்து மோதும். மங்களூரைச் சுற்றி மீன்தூளும் மீன் எண்ணெயும் தயாரிக்கும் ஆலைகள் இருக்கின்றன. இறால் பண்ணைக்கும் கோழிப் பண்ணைக்கும் தீவனமாகப் போகும் சரக்கு. மனிதர் தின்ன உதவாத கழிவோடு, வளர்ந்தால் நல்ல விலைக்குப் போகக்கூடிய குஞ்சு மீனும் இந்த ஆலைகளுக்குப் போகிறது. குஞ்சு மீனையும் காசாக்க ஓர் இடம் இருக்கும்வரை, சின்னக் கண்ணி வலை போடுகிறவருக்கு நஷ்டம் இல்லை.

நஷ்டம் யாருக்கு என்பதை மத்தி காட்டியது. கேரளத்தில் 2012-இல் 3.9 லட்சம் டன் மத்தி கிடைத்தது. 2021-இல் கிடைத்தது சுமார் 3,300 டன். கொச்சியிலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் இந்த வீழ்ச்சிக்கு எல் நினோ போன்ற கடல் மாற்றங்களைப் பெரிய காரணமாகச் சொல்கிறது. மத்தி இதற்கு முன்பும், 1994-இல், இப்படி விழுந்து எழுந்திருக்கிறது. ஆனால் கடல் தானாகவே மெலிந்திருக்கும் காலத்தில் குஞ்சையும் சேர்த்து அள்ளினால், எழுந்து வர நாளாகும். அதனால்தான் மத்தி பத்து சென்டிமீட்டருக்குக் குறைந்தாலும், கானாங்கெளுத்தி பதினான்கு சென்டிமீட்டருக்குக் குறைந்தாலும் பிடிக்கக் கூடாது என்று அந்த நிலையம் அளவு வகுத்துக் கொடுத்தது. கேரளம் 2015-இல் முதலில் 14 வகை மீன்களுக்கு அந்த அளவுகளைச் சட்டமாக்கியது.

இனி கிழக்கே.

மைசூரிலிருந்து வரும் மயிலாடுதுறை வழி விரைவு ரயில் மாலையில் பெங்களூரை விட்டுக் கிளம்புகிறது. ஓசூர், தருமபுரி, சேலம் கடந்து, நடுராத்திரியில் காவிரிக் கரையைப் பிடித்து, விடியும்போது கும்பகோணத்துப் பக்கம் வயல்களுக்கு நடுவே ஓடும். மயிலாடுதுறையில் இறங்கிப் பேருந்து பிடித்தால் கடல் ஒரு மணி நேரம்கூட இல்லை.

தரங்கம்பாடியில் 1620-இல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டையைப் பார்க்க வருகிறவர்கள் அதோடு திரும்பிவிடுகிறார்கள். கடல் அரித்த பாண்டியர் காலத்து மாசிலாமணிநாதர் கோயில் வரைக்கும் சிலர் நடப்பார்கள். அதையும் தாண்டினால் மீனவர் குடியிருப்பு. ஃபைபர் படகுகள், வெயிலில் காயும் நெத்திலி, மர நிழலில் உட்கார்ந்து வலை பொத்துகிறவர்கள். மயிலாடுதுறை மாவட்டத்தில் சுருக்குமடிக்கு எதிரான ஊர்களின் தலைமை இங்கேதான். வடக்கே சில மைல் போனால் பூம்புகார், அதற்கும் அப்பால் திருமுல்லைவாசல். அவையும் தெற்கே சந்திரபாடியும் சுருக்குமடி வேண்டும் என்று கேட்கும் ஊர்கள். அதே சமூகம், அதே உறவுமுறை. பெண் கொடுத்து எடுத்த குடும்பங்கள்கூட வலையால் இரண்டு பக்கமாக நிற்கின்றன.

தமிழ்நாட்டின் 1,076 கிலோமீட்டர் கடற்கரைக்கான மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் 1983-இல் வந்தது. இரட்டைமடியையும் சுருக்குமடியையும் தடுக்கும் அரசாணை 2000 மார்ச்சில் வந்தது. ஆனால் தடை காகிதத்தில் இருந்த அதே ஆண்டுகளில்தான் கடலூர், நாகை மாவட்டக் கரைகளில் சுருக்குமடி பெருகியது. 2004 சுனாமி இந்தக் கரையை அடித்துப்போட்டபின், உதவியாக வந்த படகுகளும் பணமும் தொழிலின் கணக்கையே மாற்றின. ஒரு சுருக்குமடி செட் வாங்க ஒருவரால் முடியாது. பலர் நகை அடகு வைத்தும் வட்டிக்கு வாங்கியும் பங்கு சேர்ந்தார்கள். ஒரு வலைக்கு முப்பது, நாற்பது பேர் கடலுக்குப் போவார்கள். ஆகவே சுருக்குமடியின் பின்னால் நிற்பவர்களைப் பணக்கார முதலாளிகள் என்று ஒரே வார்த்தையில் ஒதுக்கிவிட முடியாது. அவர்களில் பெரும்பாலோர் நேற்றுவரை கட்டுமரத்தில் போனவர்கள்.

எதிர்ப்பக்கத்தின் வழக்கும் அதே அளவு கனமானது. செவுள்வலை போடும் சிறு ஃபைபர் படகுக்கு நாளொன்றுக்குக் கிடைப்பது சில கூடை மீன். அதே கூட்டத்தைச் சுருக்குமடி ஒரே வளைப்பில் டன் கணக்கில் அள்ளிவிடுகிறது. அன்றைக்கு மொத்தமாக மீன் இறங்குவதால் ஏலத்தில் விலையும் விழுகிறது. சிறு படகுக்காரருக்குக் கடலிலும் நஷ்டம், கரையிலும் நஷ்டம். தலைச்சுமையாக மீன் வாங்கிப் போய் ஊருக்குள் விற்கும் பெண்கள் பாடு இன்னும் மோசம். டன் கணக்கில் வரும் மீனை லாரிக்காரர்தான் வாங்க முடியும். கூடைக்காரிக்கு அங்கே இடம் இல்லை.

2020-இல் தமிழ்நாடு அரசு விதிகளைத் திருத்திச் சுருக்குமடித் தடையை இறுக்கியது. 240 குதிரைத்திறனும் அதற்கு மேலும் உள்ள எஞ்சின்களுக்கும் தடை வந்தது. அதிகாரிகள் வலைகளைப் பறிக்கத் தொடங்கியபோது, 2021 ஜூலையில் பூம்புகார், திருமுல்லைவாசல், சந்திரபாடி மீனவர்கள் சுருக்குமடிக்கு அனுமதி கேட்டுக் குடும்பத்தோடு போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். அடுத்த மாதமே புதுச்சேரியில் வீராம்பட்டினத்தாரும் நல்லவாட்டாரும் இதே வலை விவகாரத்தில் ஆயுதங்களோடு மோதிக்கொள்ள, போலீஸ் வானத்தை நோக்கிச் சுட வேண்டி வந்தது. மீன்வளத் துறை எழுதும் ஒவ்வோர் உத்தரவும் இந்தக் கரையில் யாரோ ஒருவர் வீட்டு அடுப்பைத் தொடுகிறது.

நீதிமன்றங்கள் இதில் நெடுநாளாக இருக்கின்றன. கேரளம் தன் கரையோரக் கடலில் இத்தகைய வலைகளைத் தடுத்ததை உச்ச நீதிமன்றம் 1993-இல் சரியென்றது. பாரம்பரிய மீனவரின் பிழைப்பைக் காக்கத் தொழில் உரிமைக்கு வரம்பு கட்டலாம் என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம். தமிழ்நாட்டின் தடையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2019-இல் ஏற்றது. மேல்முறையீட்டில் உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரி 24 அன்று இடைக்காலமாக ஒரு கதவைத் திறந்தது. 12 கடல் மைல்களுக்கு அப்பால், பதிவுபெற்ற படகுகள் மட்டும், கண்காணிப்புக் கருவி பொருத்தி, வாரத்தில் திங்கள், வியாழன் இரு நாள், காலை 8 மணிக்குப் புறப்பட்டு மாலை 6 மணிக்குள் கரை திரும்ப வேண்டும். 12 மைல் போய்ச் சேரவும் திரும்பவுமே பொழுது போய்விடும், மீன்கூட்டம் கிழமை பார்த்து வராது என்றார்கள் சுருக்குமடிக்காரர்கள். 12 மைலுக்கு அப்பால் பிடித்ததா இப்பால் பிடித்ததா என்று யார் பார்ப்பது என்றார்கள் எதிர்த்தவர்கள்.

ஒன்றிய அரசு அமைத்த வல்லுநர் குழுவோ, சுருக்குமடியால் மட்டுமே மீன்வளம் பெரிதாக அழிந்ததற்கு ஆதாரம் இல்லை, 12 மைலுக்கு அப்பால் நிபந்தனைகளோடு விடலாம் என்று சொல்லியிருந்தது. இந்தக் கருத்தை மதித்தே கேட்க வேண்டும். ஆனால் அது பதில் சொல்வது ஒரு கேள்விக்கு மட்டும்: கடலில் மீன் மிஞ்சுமா? ரம்பாணி வலை கேட்ட கேள்வி வேறு: மிஞ்சும் மீன் யாருக்கு?

உலகத்தில் இந்தச் சண்டை பல இடங்களில் பல விதமாக முடிந்திருக்கிறது. அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் 1994 நவம்பரில் மக்கள் வாக்களித்து, மீனைச் சிக்கவைக்கும் செவுள்வலைகளை மாநிலக் கடலில் அடியோடு தடுக்கும் விதியை அரசியல் சாசனத்திலேயே எழுதினார்கள். அடுத்த ஜூலையில் அது அமலானது. அங்கே தடையை முன்னின்று கேட்டவர்கள் தூண்டில்காரர்கள், பொழுதுபோக்காக மீன் பிடிக்கிறவர்கள். வலையை இழந்தவர்கள் வலையால் வாழ்ந்த சிறு மீனவக் குடும்பங்கள். வலைத்தடை என்றாலே ஏழைக்கு நன்மை என்று முடிவுகட்ட முடியாது என்பதற்கு அது நல்ல உதாரணம். தடை யாரை நிறுத்துகிறது, யாருக்கு வழி விடுகிறது என்பதைப் பார்த்துத்தான் அதை எடை போட வேண்டும்.

அந்த அளவுகோலில் தமிழ்நாட்டின் நிலைப்பாடே நியாயமானது. கரையை ஒட்டிய கடல் சிறு படகுக்காரரின் வயல். அங்கே சுருக்குமடியும் வேண்டாம், இரட்டைமடியும் வேண்டாம், விளக்கு வெளிச்சமும் வேண்டாம். ஆனால் வலையின் பெயரை வைத்து ஒரு மாநிலம் தடுப்பதும் அடுத்த மாநிலம் அனுமதிப்பதும் மீனையும் காக்காது, மீனவரையும் காக்காது. கேரளத்தின் ஆலப்புழைக் கரையில் பிடிக்கக் கூடாத அளவு மத்தி மற்ற எல்லாக் கரைக்கும் பிடிக்கக் கூடாத அளவாக இருக்க வேண்டும். கரையோரக் கடலின் எல்லை, கண்ணியின் அளவு, மீனின் அளவு ஆகிய மூன்றும் குஜராத்திலிருந்து மேற்கு வங்கம் வரை ஒன்றாக இருந்தால், பெங்களூரு மார்க்கெட் பலகையில் கிடக்கும் மீனையே அளந்து பார்த்து விதி மீறலைக் கண்டுபிடித்துவிடலாம். மீன்தூள் ஆலைகளின் வாசலிலும் அதே அளவுகோல் நிற்க வேண்டும். கடலில் ஓடும் ஆயிரக்கணக்கான படகுகளைத் துரத்துவதைவிட ஆலை வாசலில் நிற்பது சுலபம்.

முடியாத காரியம் இல்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்கிலும், ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மேற்கிலும் 61 நாள் மீன்பிடித் தடையைக் கரையோர மாநிலங்களில் பெரும்பாலானவை ஏற்றுக்கொண்டிருக்கின்றன. தமிழ்நாட்டில் 2001-இல் 45 நாளாகத் தொடங்கியபோது அதற்கும் எதிர்ப்பு இருந்தது. பாக் நீரிணையில் விசைப்படகுகளுக்கு வாரம் மூன்று நாள், நாட்டுப்படகுகளுக்கு மற்ற நாள்கள் என்ற ஏற்பாடு பல பத்தாண்டுகளாக இருந்துவருகிறது. சர்க்காரும் ஊர்ப் பஞ்சாயத்தும் சேர்ந்து நின்றால் வரம்பு நிற்கும் என்பதற்கு இவை சாட்சி.

நிற்காமல் போவதற்கும் காரணம் தெரிந்ததே. பங்கு போட்டு, வட்டிக்கு வாங்கி வலை வாங்கியவரிடம் வலையை மட்டும் பறித்துக்கொண்டு கடனை விட்டுவிட்டுப் போனால், அவர் ராத்திரியில் மறுபடி கடலுக்குத்தான் போவார். பாக் நீரிணையில் இழுவைப் படகுகளைக் கைவிட்டு ஆழ்கடல் சூரைப் படகுகளுக்கு மாற 2017-இல் ஒரு திட்டம் வந்தது. படகு ஒன்றின் விலை 80 லட்சம் ரூபாய் என்று கணக்கிட்டு, அதில் பெரும்பகுதியை ஒன்றிய அரசும் மாநில அரசும் மானியமாகத் தந்தன. இலக்கு 2,000 படகுகள். அந்த இலக்கின் பக்கத்தில்கூட திட்டம் போகவில்லை. மீனவர் பங்கும் வங்கிக் கடனும் சுமையாக இருந்தன. ஆழ்கடல் தொழிலுக்குத் தேவையான பழக்கமும் துறைமுக வசதியும் போதவில்லை. சுருக்குமடிக்காரர்களுக்கு என்று திட்டம் வகுத்தால் இந்தக் குறைகளிலிருந்தே தொடங்க வேண்டும். வலையை அரசே விலைக்கு வாங்கி எடுத்துக்கொள்வது, பங்குக் கடனை அடைப்பது, அந்த முப்பது நாற்பது பேருக்கும் கரையோரக் கடலில் செவுள்வலையோடு இடம் தருவது என்று எழுத்தில் வாக்களித்தால், பூம்புகார்க்காரர்களையும் தரங்கம்பாடிக்காரர்களையும் ஒரே மேசையில் உட்காரவைத்துப் பேச முடியும். வலையைப் பறிக்க அதிகாரி போவதற்கு முன்பே அந்தப் பேச்சு நடந்தாக வேண்டும்.